திருப்பி மடித்த அட்டைப்பெட்டிகள்

படுத்துக் கிடப்பதற்கும் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். இதைச் சொன்னால் ஜீவனஹள்ளியில் எங்கள் சந்தில் யாரும் நம்புவதில்லை. அதனால் சாமான் கட்டுகிற வேலை என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். அதுவும் உண்மைதான்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் பின்பக்கத்தில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. தொண்டு நிறுவனம். சண்டை நடக்கிற ஒரு நாட்டுக்கு மருந்து, பஞ்சு, கட்டுத்துணி, ஊசி, கையுறை எல்லாம் அனுப்புகிறார்கள். அங்கே காயம்பட்டவர்களைத் தூக்கி வந்து கட்டுப்போடுகிற ஆட்களுக்கு இங்கிருந்து வீடியோவில் பாடமும் நடத்துகிறார்கள். எந்த நாடு என்று நான் எழுதப் போவதில்லை. நான் சொல்லப்போகிற நர்ஸ் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள்.

நான் படுக்க வேண்டி வந்தது ரப்பர் பொம்மையால். பாடத்துக்கென்று ஆள் உயரத்தில் ஒரு பொம்மை வைத்திருந்தார்கள். கை கால் சிதறிப்போனவனுக்கு ரத்தம் நிற்க, தொடையில் ஒரு பட்டையைச் சுற்றி, அதில் இருக்கும் குச்சியை முறுக்கி இறுக்க வேண்டும். பட்டை சரியாக இறுகியதா என்பதைப் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி நின்றுவிட்டதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பொம்மைக்கு நாடி இல்லை. பாடம் நடத்த வருகிற டாக்டர், உயிருள்ள கால் ஒன்று வேண்டும் என்றார். சுற்றிலும் பார்த்தார். கதவோரம் பெட்டி தூக்கிக்கொண்டு நின்ற என் கால்களில் போய் அவர் கண் நின்றது. சதை இல்லாத கால். நரம்பெல்லாம் வெளியே தெரியும்.

நாலு பேருக்கு முன்னால் நிற்கச் சொன்னால் எனக்கு வியர்த்துவிடும். படுப்பது அதைவிடப் பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

என்னோடு சாமான் கட்டுகிற அக்கா ஒருத்தி இருக்கிறாள். என்னைவிடச் சில வயது மூத்தவள். அரைக்கால் சட்டையோடு மேசையில் ஏறிப் படுத்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா தம்பி, கால்ல முடியெல்லாம் எடுத்துக்கினு மாப்பிள்ள மாதிரி கீற. பொண்ணு எந்த ஊரு?"

"சும்மா இருக்கா."

"நான் இன்னாத்த சொல்லிட்டேன். ஊரே பாக்கப் போகுது உன் தொடைய."

திரையில் அந்த ஊரின் அடித்தள அறை ஒன்று தெரியும். ஒரே ஒரு பல்பு. அதன் கீழே ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் அந்த நர்ஸ். முப்பது வயதுக்கு மேல் இருக்காது, ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருக்கும். டாக்டர் சொல்வதை மொழிபெயர்க்க அந்த நாட்டுப் பெண் ஒருத்தி எங்கள் பக்கம் இருந்தாள். பெங்களூரில் பார்மசி படிக்கிறவள். ஈஜிபுராவில் வாடகைக்கு இருந்ததால் வீட்டுக்கார அம்மாவிடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள்.

குச்சியை முறுக்க முறுக்கத் தொடையை யாரோ பிளப்பது போல வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்ப்பேன். முதல் வகுப்பில் அந்த நர்ஸ் பாடத்தை நிறுத்தி என்னவோ கேட்டாள்.

"அண்ணா, வலிக்குதான்னு கேக்குறாங்க" என்றாள் மொழிபெயர்க்கும் பெண்.

"இல்லைன்னு சொல்லும்மா."

அவள் சொன்னாள். அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள்.

"பொய் சொல்றீங்கன்னு சொல்றாங்க. வலிக்கலேன்னா கட்டினது தப்பாம். அங்க ஆளுங்க கத்துறாங்கன்னு இவங்க பயந்து லூசா விட்டுர்றாங்களாம். கத்தினாலும் இறுக்கணும்னு உங்களக் காட்டிச் சொல்றாங்க."

அலுவலகத்தில் யாரும் அதுவரை வலிக்கிறதா என்று கேட்டதில்லை. டாக்டரும் கேட்டதில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் அவள் கேட்பாள், நான் இல்லை என்பேன், அவர்கள் சிரிப்பார்கள். இந்தக் கோபக் கதையில் சந்தோஷமாக எழுத எனக்கு இருப்பது இது ஒன்றுதான்.

ஒரு வகுப்பின் முடிவில் அவள் ஒரு விஷயம் கேட்டாள். அப்போது நானும் அறையில் இருந்தேன், மேசையில் உட்கார்ந்து தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் இருந்தார். நிர்வாகம் பார்க்கிற மேடமும் இருந்தார். எல்லோர் காதிலும் விழுந்த விஷயம் அது.

அடுத்த தடவை அனுப்பும் பெட்டிகளின் மேல் எதுவும் எழுதாதீர்கள், சிவப்புக் குறி போடாதீர்கள் என்றாள். விமானத்தில் பக்கத்து நாடு வரைக்கும்தான் சாமான் போகும். அங்கிருந்து வேன் ஒன்றில் சாலை வழியாக வர வேண்டும். வழியெல்லாம் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் நிறுத்துவார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் சிலர், அந்தப் பக்கத்து ஆட்கள் சிலர். மருந்து என்று தெரிந்தால் எவனாக இருந்தாலும் இறக்கிக்கொள்வான். போன தடவை குறி போட்ட பெட்டிகளில் பாதி வந்து சேரவில்லை. வேன் ஓட்டிய பெரியவரை அடித்திருக்கிறார்கள். இரண்டு விரல் இனி மடங்காது.

"பழைய சோப்புப் பெட்டி, பிஸ்கட் பெட்டி மாதிரி இருந்தா நல்லதாம்" என்றாள் மொழிபெயர்க்கும் பெண்.

மேடம் தலையாட்டினார். "கண்டிப்பா. அண்ணா, பாத்துக்குவீங்கல்ல?" என்று என்னையே கேட்டார்.

பார்த்துக்கொண்டேன். ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் பக்கம் இருக்கிற மளிகைக் கடைகளில் எல்லாம் ஏறி இறங்கினேன். கடைக்காரனிடம் வாய் திறந்து ஒன்று கேட்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரிக்குத் தெரியும். சில்லறை குறைவாகக் கொடுத்தாலே பேசாமல் வந்துவிடுகிறவன்.

"இன்னாப்பா, வூடு மாத்துறியா?" என்றார் எங்கள் தெரு முனைக் கடைக்காரர்.

"இல்லண்ணா."

"பின்ன இத்தினி பெட்டி எதுக்கு? ரெண்டாங் கல்யாணம் ஏதாவது வெச்சிக்கினியா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எதற்கென்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நீண்ட பேச்சாகிவிடும். நானும் சிரித்துவிட்டு, பெட்டிகளைத் தட்டையாக மடித்துக் கயிறு போட்டு சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். அக்காவும் அவள் பக்கத்தில் கேட்டு வாங்கி வந்தாள். சோப்பு, நூடுல்ஸ், ஊதுவத்தி என்று எல்லாப் பெட்டியும் இருந்தன. சாமானைப் பாலிதீன் உறையில் போட்டு உள்ளே அடுக்கி டேப் ஒட்டினோம். பின்னறையில் வரிசையாக அடுக்கிவைத்தபோது மொத்தமும் ஒரு மளிகைக் கடை கிடங்கு மாதிரியே இருந்தது. அதுதான் எங்களுக்கு வேண்டியது.

இரண்டு நாள் கழித்துப் புதுப் பெட்டிகள் வந்து இறங்கின.

விமானக் கூலியை ஒரு கம்பெனி ஏற்றுக்கொண்டிருந்தது. அவர்களே பெட்டியும் அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். வெளிப்பக்கம் பளபளவென்று வெள்ளை. நான்கு பக்கமும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிவப்பில் கூட்டல் குறி. அதற்கு மேலே கம்பெனி பெயர். கீழே ஆங்கிலத்தில் நீளமாக ஒரு வரி. நான் படித்தது ஐந்தாவது வரைக்கும், அதுவும் தமிழ். எங்கள் டெம்போ டிரைவர் வாசித்துச் சொன்னான். அவன் வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். இந்த ஊர் வழக்கப்படி யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவான்.

"உயிர் காக்கும் அன்பளிப்புன்னு போட்டிருக்கு குரு. தூரத்துல இருந்தே தெரியும்."

"அதான் தெரியக் கூடாதுன்னாங்க."

"யாரு?"

எனக்குக் கோபம் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். காது மட்டும் சுடும். அப்படியே மேடத்தின் அறைக்குப் போய் நின்றேன். அவர் போனில் பேசிக்கொண்டே கையைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பேசி முடித்ததும், "மேடம், பெட்டி" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"தெரியுங்கண்ணா. எனக்கும் தெரியும்" என்றார். அவர் கோயம்புத்தூர்க்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். "அவங்க இல்லேன்னா ஃப்ரெயிட்டுக்கு நான் எங்க போறது சொல்லுங்க. ஒரே ஒரு ஃபோட்டோதான். ஃபங்ஷனுக்குப் புதுப் பெட்டியில வையுங்க. கொடியசைச்சதும் வண்டி ஒரு ரவுண்டு போயிட்டு திரும்பி வந்துரும். கெஸ்ட்டெல்லாம் போனதும் பழைய பெட்டிக்கே மாத்திரலாம். சரிங்களா?"

சரி என்றேன். வேறென்ன சொல்வது. நானும் அக்காவும் நாங்களே ஒட்டிய டேப்பை நாங்களே கிழித்தோம். அக்கா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. என்னைத் திட்டுவதற்குப் பதிலாகப் பெட்டிகளைத் திட்டினாள். அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, எழுதினால் இந்தப் பக்கத்திலேயே நல்ல பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

விழாவுக்கு முதல் நாள், பந்தல் போட இடம் வேண்டுமென்று, மடித்துவைத்திருந்த பழைய பெட்டிகளையெல்லாம் பழைய சாமான் வாங்குகிற குஜரிக்காரனுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். காலையில் வந்து பார்த்தபோது பின்னறை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. யாரைக் கேட்டாலும் "கிளீன் பண்ணச் சொன்னாங்க" என்ற ஒரே பதில். வண்டி திரும்பி வந்ததும் வேறு பெட்டி தேடிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

விழா நடந்தது. கம்பெனியின் பெரிய மனிதருக்கு மைசூர் பேட்டா என்கிற தலைப்பாகை கட்டி, சால்வை போட்டு, ஏலக்காய் மாலை போட்டார்கள். அவர் அங்கே சாகிறவர்களைப் பற்றி நிறைய பேசினார். நடுவே ஒரு ஜோக்கும் சொன்னார். டெம்போவின் முகத்துக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பின்பக்கக் கதவு திறந்தே இருந்தது, குறிகள் தெரிய வேண்டுமென்று. அவர் பச்சைக் கொடியை அசைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் டிரைவருக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது.

சொன்னபடியே ரயில்வே கேட் வரை போய்ச் சுற்றிக்கொண்டு திரும்பினோம். திரும்பிய நேரம் தப்பு. விருந்தாளிகள் இன்னும் கேசரியும் போண்டாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேட்டா கட்டிய பெரியவர் வாசல் பக்கமே நின்றிருந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஏனம்மா, ஹொரட்ட காடி வாபஸ் பரபாரது" என்றார் மேடத்திடம் கன்னடத்தில். பூசணிக்காய் உடைத்துக் கிளம்பிய வண்டி அதே வாசலுக்குத் திரும்பினால் ஆகாதாம். அதுவும் உயிர் சம்பந்தப்பட்ட சாமானாம். அவர் உண்மையாகவே பயந்துபோயிருந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். அங்கே இருக்கிற ஆட்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தார்.

மேடம் என் ஜன்னல் பக்கம் ஓடி வந்தார். "அண்ணா, உள்ள விடாதீங்க. அப்படியே ஏர்போர்ட்டுக்குப் போயிருங்க."

"மேடம், பெட்டி மாத்தணும்..."

"அவரு பாக்குறாருங்கண்ணா. ப்ளீஸ். போயிருங்க."

"அந்த நர்ஸம்மா..."

"அண்ணா. போங்க."

டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். கண்ணாடியில் பார்த்தேன். வாசலில் நின்று மேடம் சிரித்துக்கொண்டே பெரியவருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். சகுனம் பார்ப்பவர் சகுனம் பார்க்கட்டும். ஆனால் அந்தப் பெரியவரின் ஒரு பயத்துக்கு இருக்கிற மரியாதையில் கொஞ்சம்கூட அந்த நர்ஸின் பயத்துக்கு இல்லை. அவள் பயம் கண்ணால் பார்த்த பயம். விரல் மடங்காத ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்ன பயம். இவருக்குப் பூசணிக்காய்.

ஹெப்பால் மேம்பாலம் தாண்டியதும், "ஓரமா நிறுத்து" என்றேன்.

"ஏன் குரு, ஒன்னுக்கா?"

"பெட்டியத் திருப்பணும்."

"எதிர்ப் பக்கம் திருப்பி வெச்சாலும் நாலு பக்கமும் அதேதான் போட்டிருக்கு."

"உள்பக்கம் வெளிய வர மாதிரி."

அவன் என்னைப் பார்த்தான். சர்வீஸ் ரோட்டில் இளநீர் விற்கிறவன் நிழல் பக்கமாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். அட்டைப்பெட்டி ஒரு மூலையில்தான் ஒட்டியிருக்கும். அந்த ஒட்டைக் கட்டரால் கீறினால் பெட்டி ஒரே தட்டையாகப் பிரிந்துவிடும். அதை மறுபக்கமாக மடித்து மூலையில் டேப் போட்டால் மறுபடி பெட்டி. வெள்ளையும் சிவப்பும் உள்ளே போய்விடும், பழுப்பு அட்டை மட்டும் வெளியே தெரியும். பெட்டிக்குத் தட்டுப்பாடு வந்தால் சாமான் கட்டுகிற எல்லோரும் செய்வதுதான். கட்டரும் டேப்பும் எப்போதும் என் பையில் இருக்கும்.

"எல்லாத்தையுமா?" என்றான் டிரைவர்.

"எல்லாத்தையும்."

"தல கெட்டுப்போச்சு உனக்கு. வேலை போயிரும் குரு."

"போவட்டும்."

நான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவன் திட்டிக்கொண்டே இறங்கினான். உறையோடு சாமானை வெளியே எடுப்பது, கீறுவது, திருப்புவது, ஒட்டுவது, திரும்ப வைப்பது. இளநீர்க்காரன் கத்தியோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏன் குரு, கள்ள மாலா?"

"ஆமா" என்றான் டிரைவர். "திருடிக்கினு வந்து ஹைவே மேலயே கடை போட்டிருக்கோம். உனக்கு ரெண்டு வேணுமா?"

என் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. கையில் கட்டர் இருக்கும்போது எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்கக் கூடாது. இரண்டு இடத்தில் கையைக் கீறிக்கொண்டேன். வேலை முடிந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சரக்குப் பிரிவில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுடைய லேபிளை ஒட்டி, எடை போட்டு, உள்ளே தள்ளிவிட்டார்கள். பழுப்புப் பெட்டிகள். ஊரில் எந்தக் கடைக்கும் போகிற பெட்டிகள் மாதிரி.

திரும்பி வந்தபோது மேடம் ஏன் போன் எடுக்கவில்லை என்றுதான் கேட்டார். அடித்தது காதில் விழவில்லை என்றேன். விழா நன்றாக நடந்த சந்தோஷத்தில் அவர் அதை விட்டுவிட்டார்.

அடுத்து வந்த வகுப்புகளில் ஒன்றில் அந்த நர்ஸ் திரையில் ஒரு பட்டையைத் தூக்கிக் காட்டினாள். எங்கள் பட்டை. எல்லாம் வந்துவிட்டது, ஒன்றுகூடக் குறையவில்லை. ஓரிடத்தில் வேனை நிறுத்தி என்ன சாமான் என்று கேட்டார்களாம். வேன் ஓட்டுகிற பெரியவர் சோப்பு என்றாராம். ஒருவன் பெட்டியை மோந்து பார்த்தானாம்.

"மோந்து பாத்துட்டு போன்னு விட்டுட்டானாம்" என்று சிரித்தாள் மொழிபெயர்க்கும் பெண். நானும் சிரித்தேன். தொடையில் பட்டை இறுகியிருந்தது, வலியே தெரியவில்லை.

அப்போது மேடம் உள்ளே வந்தார். கம்பெனியிலிருந்து கேட்கிறார்கள், சாமானை வாங்கிக்கொண்டதற்கு ஒரு படம் வேண்டும் என்றார். பெட்டிகளோடு அந்த ஊர் ஆட்கள் நிற்க வேண்டும், கம்பெனி பெயர் தெரிய வேண்டும். சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தார். நர்ஸுக்குப் பின்னால் சுவரோரம் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பழுப்பாக. மேடம் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மொழிபெயர்க்கும் பெண்ணிடம் திரும்பி, "பெட்டியைப் பிரிச்சு பிரிண்ட் வெளிய தெரியற மாதிரி வெச்சு எடுக்க முடியுமான்னு கேளும்மா. எல்லாரும் சேர்ந்து நின்னா போதும்" என்றார்.

அந்தப் பெண் தயங்கினாள். பிறகு கேட்டாள். நர்ஸ் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடுத்த பெட்டி வர்றதுக்கு இது கட்டாயமான்னு கேக்குறாங்க."

"ஸ்பான்சர் கேக்குறாங்கன்னு சொல்லு."

"அப்படின்னா செய்யறாங்களாம். கீழ வெளிச்சம் பத்தாது. மாடிக்குக் கொண்டுபோய் எடுக்கணும். மாடியில..." அவள் அதோடு நிறுத்திவிட்டாள். மாடி என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். போன மாதம் அவர்களில் ஒருவன் மாடியில் துணி எடுக்கப் போய்த் திரும்பி வரவில்லை.

"சீக்கிரம் முடிச்சிரலாம்" என்றார் மேடம்.

எனக்குக் காது சுட்டது. கால் மரத்துப்போயிருந்தது. நான் எழுந்து உட்கார்ந்தேன். என் வாய் எப்படித் திறந்தது என்று தெரியவில்லை.

"வாங்குற மாதிரி ஒரு படம்தானே மேடம் வேணும்? நான் வாங்குறேன். என்னைய எடுங்க. மூஞ்சியில மண்ணைத் தடவிக்கினு நிக்கிறேன். உங்க கம்பெனிக்காரனுக்கு இன்னா தெரியப் போவுது? இவங்களும் நானும் ஒன்னுதானே அவனுக்கு?"

இருபது வருஷ வேலையில் எந்த முதலாளியிடமும் நான் இப்படிப் பேசியதில்லை. இனி என்ன, பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று தொடைப் பட்டையை அவிழ்க்கத் தொடங்கினேன்.

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் போடுகிற மாதிரி ஒரு பார்வை.

"நல்ல ஐடியாங்கண்ணா" என்றார்.

நான் திட்டினேன். அவர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் வாய் திறந்து கத்திய ஒரே தடவை, அது வேலைக்கு உதவுகிற யோசனையாகிவிட்டது. முடியாது என்று சொல்லியிருப்பேன். திரையில் அவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், இங்கே என்ன நடக்கிறது என்று புரியாமல். நான் முடியாது என்றால் அவர்கள் மாடிக்குப் போவார்கள்.

"அவங்கள வேணாம்னு சொல்லும்மா" என்றேன் மொழிபெயர்க்கும் பெண்ணிடம். "படம் கெடைச்சிருச்சுன்னு சொல்லு."

மறுநாள் காலை பங்களாவின் பின்சுவர் பக்கம் என்னை நிறுத்தினார்கள். அங்கே காரை பெயர்ந்து செங்கல் தெரியும். இடிந்த ஊர் மாதிரியே இருக்கிறது என்று படம் எடுக்க வந்த தாடிக்காரப் பையன் சந்தோஷப்பட்டான். மிச்சமிருந்த புதுப் பெட்டி ஒன்றைக் காலியாகவே ஒட்டி என் கையில் கொடுத்தார்கள். தலையில் கட்ட அந்த ஊர் ஆட்கள் போடுகிற மாதிரி ஒரு துணி வேண்டுமென்றார்கள். மொழிபெயர்க்கும் பெண் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்தாள். தாடிக்காரன் கட்டியது சரியாக இல்லை.

"இப்படி இல்ல" என்று அவளே வந்து அவிழ்த்துக் கட்டினாள். கட்டி முடித்து என் முகத்தைப் பார்த்தாள். "எங்க மாமா மாதிரி இருக்கீங்க அண்ணா" என்றாள். அதற்குப் பிறகு அவள் அங்கே நிற்கவில்லை.

"அங்கிள், இங்க பாருங்க. கொஞ்சம் நன்றியோட பாருங்க" என்றான் தாடிக்காரன்.

"நன்றி எங்கேருந்து வரும்" என்றாள் அக்கா, சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு. "அது காலைல நாஷ்டாவே துன்னல."

நான் நன்றியோடு பார்க்கவில்லை. அந்தப் பேட்டாவை நினைத்தேன், பச்சைக் கொடியை நினைத்தேன், குஜரிக்குப் போன என் சோப்புப் பெட்டிகளை நினைத்தேன். வலிக்கிறதா என்று கேட்கிற ஒருத்தியை மாடிக்குப் போய் நில் என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு கூசவில்லை என்பதை நினைத்தேன். கையில் இருந்த காலிப் பெட்டியை அவன் மேலேயே எறிந்துவிடலாம் போலிருந்தது. அப்படியே கேமராவை முறைத்தேன்.

"சூப்பர் அங்கிள். அப்படியே இருங்க. இந்த வலிதான் வேணும்."

அந்தப் படம் கம்பெனிக்குப் போயிற்று. அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய்ப் பெரிதாக அச்சடித்து ஒரு பிரதி எங்கள் அலுவலகத்துக்கும் அனுப்பினார்கள். வாசல் அறையில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று பெருமூச்சு விடுகிறார்கள். நான் டீ எடுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போவேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்போதெல்லாம் பெட்டிகளைத் திருப்பி மடிக்கச் சாலையோரம் போக வேண்டியதில்லை. பின்னறையிலேயே உட்கார்ந்து நானும் அக்காவும் மடிக்கிறோம். மேடம் பார்த்துக்கொண்டே போவார், ஒன்றும் சொல்வதில்லை. முன்வரிசைக்கு மட்டும் கொடியசைப்புக்காக நாலைந்து காலிப் பெட்டிகளை அச்சு தெரியும்படி வைக்கச் சொல்வார். அவை ஏர்போர்ட்டுக்குப் போவதில்லை. சாமான் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. நர்ஸ் வகுப்புக்கு வருகிறாள், வலிக்கிறதா என்று கேட்கிறாள், நான் இல்லை என்கிறேன்.

வேலையை விட்டுவிடு என்கிறாள் என் வீட்டுக்காரி. விட்டால் அந்த இடத்துக்கு வருகிறவன் பெட்டியைத் திருப்புவானா என்று தெரியாது.

போன வாரமும் தாடிக்காரப் பையன் வந்திருந்தான். சாமானே இன்னும் முழுதாக வந்து இறங்கவில்லை. தலைத்துணியை நானே கட்டிக்கொண்டேன், பின்சுவரில் போய் நின்றேன், காலிப் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, இப்போதே எடுத்துவைத்துவிட்டால் பிறகு கவலையில்லை என்றார் மேடம். அந்த ஊருக்கு அனுப்பப்போகிற கட்டுத்துணியை, அது இங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே, நான் வாங்கிக்கொண்டாகிவிட்டது.